மடத்துப் பள்ளிக்கூடத்து மதிலும் எங்கள் வருஷங்களும்

எங்கள் காலனியில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை வருஷம் கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒருத்தி வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் கழுத்தில் தாலி ஏறுகிற நாள் வரைக்கும் உள்ள வருஷங்களைத்தான் சொல்கிறேன். எங்கள் ஆயாவுக்கு ஒரு வருஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. எங்கம்மாவுக்கு மூன்று வருஷம். எங்கள் சின்னம்மாவுக்குப் பதினோரு வருஷம். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே குடிசையில் ஒரே பானைக் கூழைக் குடித்து வளர்ந்தவர்கள். மூன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு மதில் நின்றது. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்து மதில். அந்த மதிலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஏரிப் பாசன பூமி. இப்போது ஏரிக்கரைமேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகளும் இன்னொரு பக்கம் கம்பெனிப் பஸ்களும்தான் தெரிகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். நம்மைத் 'திருக்குலத்தார்' என்று அழைத்தவர் அவர் என்றும் சொல்லுவார்கள். பேர் நல்ல பேர்தான். ஆனால் அந்தப் பேரை வைத்துக்கொண்டு எங்கள் ஆயாவால் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை.

கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. மிஷனரிகள் வந்துதான் நம் கண்ணைத் திறந்தார்கள் என்பது ஒன்று. மதம் மாற்றுவதற்காகத்தான் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்பது இன்னொன்று. இரண்டிலுமே வேலை செய்கிறவர் வெள்ளைக்காரப் பாதிரியார். நாம் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறவர்கள். வரலாறு அப்படி இல்லை. நம் ஜனங்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

1

முதலில் வேறொரு சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். 1745-ல் பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகப் போய்ச் சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். எல்லோரும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் எதற்கு இந்தத் தடுப்பு என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதிவைத்தவர் நம் ஆள் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார், அதுவும் நம்மேல் எந்தப் பிரியமும் இல்லாமல். 280 வருஷத்துக்கு முந்தைய கோயில் நுழைவுப் போராட்டம் அது.

சுவர் இடிந்தது, சாதி இடியவில்லை. மதுரை மிஷனில் பதினேழாம் நூற்றாண்டிலேயே மேல்சாதிக்குப் பிராமண சன்னியாசி வேஷத்தில் ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டார சாமி என்று இன்னொரு சாமியார் என்று பிரித்துவைத்த சபை இது. தெற்கே வடக்கன்குளம் கோயிலுக்குள் இருந்த சுவரை இடிக்க 1910 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003 நவம்பரில்கூடப் போப் இரண்டாம் ஜான் பால், ரோமுக்கு வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதி பார்ப்பதை விடச் சொல்லிப் பேச வேண்டியிருந்தது. இத்தனைக்கும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதி நாம்தான்.

இந்தச் சபைதான் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தது. தமிழ் மண்ணில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் பள்ளி வைத்தவர்கள் புராட்டஸ்டண்டுகள். 1707-லேயே தரங்கம்பாடியில் வைத்தார்கள். கத்தோலிக்கர்கள் தாமதம். 1842-ல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர்கள் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் வழியாக வளர்ந்தவை இங்கிலீஷ் கான்வென்டுகள். 1844-ல் புதுச்சேரியில் பிஷப் போனான் தலைமையில் ஒரு பெரிய சபைக்கூட்டம் நடந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று அதில் பேசப்பட்டது. அதே ஆண்டில் துய்ப்புய் என்கிற பாதிரியார் உள்ளூர்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர், தமிழ்-பிரெஞ்சு அகராதி வேலை செய்தவர் அவர். சாவித்திரிபாய் புலே புனேயில் பெண்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய 1848-க்கு நான்கு வருஷம் முந்தி இது. தேவதாசிகள்தான் படிப்பார்கள், குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம்.

இந்த இரண்டு ஓடையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கான்வென்ட் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பட்டணத்து இங்கிலீஷ் கான்வென்டு. அது அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பணக்காரப் பிள்ளைகளுக்கும் ஆனது. கன்னியாஸ்திரியாக இருந்து வெளியே வந்த பாமா, 1992-ல் வந்த 'கருக்கு'வில் அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதிவிட்டார். நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது ஓடை. சின்ன டவுன்களில், தமிழ் மீடியத்தில், பக்கத்திலேயே போர்டிங் வைத்துக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிகள். அரசு உதவிபெறும் பள்ளிகள் அவை. டீச்சர் சம்பளம் அரசாங்கப் பணம். சத்துணவு அரசாங்க அரிசி. ஆகவே இதைத் தர்மம் என்று யாரும் சொல்ல வேண்டாம். களத்துமேட்டில் நெல் தூற்றியவர்களின் வரியும் அதில் இருக்கிறது.

2

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் தனிக் கதை உண்டு. 1891-ல் இங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடனுக்கு அடிமையாகக் கிடக்கிறார்கள், நிலமும் படிப்பும் கொடுத்தால்தான் மீளுவார்கள் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நில உத்தரவு. 1893-ல் பஞ்சமர் பள்ளிகளுக்கான அரசாணை வந்தது. 1894-ல் அயோத்திதாசர் துணையோடு ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார்.

நிலத்துக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற பஞ்சமி நிலம் கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. அதைக் கேட்ட குற்றத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று இதே மாவட்டத்தில், காரணைப் போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

பள்ளிக்கூடம்? அது வந்தது. ஆனால் போனவர்கள் பெரும்பாலும் பையன்கள். 1981 சென்சஸ் எடுத்தபோது தமிழ்நாட்டுத் தாழ்த்தப்பட்ட பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 1893 உத்தரவுக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் 88 வருஷம் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லாததால் மட்டும் இப்படி ஆகவில்லை. எங்கம்மா கதையைச் சொன்னால் இது புரியும்.

3

எங்கம்மா ஏழாவது வரைக்கும் படிச்சுது. அரசாங்கப் பள்ளிக்கூடம், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறது. கணக்கில் கெட்டி. இன்றைக்கும் நாற்று நட்ட கூலியை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்லும். பதிமூன்று வயசில் வயசுக்கு வந்தது. பச்சை ஓலைக் குச்சுக்குள் பதினோரு நாள் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினபோது தாத்தா வாசலை மறித்துக்கொண்டாராம்.

"பள்ளிக்கூடத்துக்கு ஊர்த்தெரு வழியாத்தான் போவணும். அவனுங்க கிண்டல் பண்ணுவானுங்க. கைய புடிச்சி இழுத்தாலும் நாம இன்னா கேக்க முடியும்? போதும், வுடு."

தாத்தா சொன்னதில் பொய் இல்லை. கேட்க முடியாது. கேட்டால் மறுநாள் ஏரி வேலையும் கிடையாது, களத்து வேலையும் கிடையாது. அம்மா நின்றுவிட்டது. மூன்று வருஷம் நடவுக்கும் களைக்கும் போயிட்டு 1981-ல் கல்யாணம். வயசு பதினாறு. பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. சட்டம் எங்கள் சேரிக்குள் வரவில்லை.

அடுத்த வருஷம் சின்னம்மாவுக்குப் பதினொன்று. இப்போது ஆயா ஒரு காரியம் செய்தது. தாத்தாவுக்குச் சொல்லாமல் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டைக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய் மடத்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கிறிஸ்தவர்கள் கிடையாது. மாரியாத்தா கும்பிடுகிறவர்கள். காலையில் உட்கார்ந்த ஆயாவை மத்தியானத்துக்குமேல்தான் உள்ளே கூப்பிட்டார்களாம்.

"மதரம்மா, பெரியத நானே கெடுத்துட்டேன். இங்க ஆம்பளப் பசங்க இல்லியாமே. இத உள்ள வெச்சிகினு படிக்க வைங்க."

இந்த ஒரு வார்த்தையில்தான் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பயன் முழுவதும் இருக்கிறது. 'இங்க ஆம்பளப் பசங்க இல்லியாமே.' ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதுதான் முற்போக்கு என்று நான் கல்லூரியில் மேடை ஏறிப் பேசியிருக்கிறேன். இப்போதும் கொள்கையாக அதை மறுக்கவில்லை. ஆனால் ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டிய ஒரு சேரிப் பெண்ணுக்கு 1982-ல் அந்த முற்போக்கு கைக்கு எட்டவில்லை. எட்டினது மதில்தான். வயசுக்கு வந்ததும் பெண்ணை நிறுத்துவதற்கு ஊர் சொல்லும் அத்தனை காரணத்துக்கும் மதில் ஒரே பதிலாக இருந்தது. தாத்தா மூன்று மாசம் கத்திவிட்டு ஓய்ந்துவிட்டார்.

சின்னம்மா 1987-ல் பத்தாவது தேறியது. ஆசிரியர் பயிற்சி முடித்தது. இருபத்து நான்கு வயசில், தானே பார்த்துச் சரி என்று சொன்ன ஆளைக் கட்டிக்கொண்டது. அது வாங்கின முதல் சம்பளத்தில் ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது.

4

நானும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். 2000-ல் ஆறாவது சேர்ந்து 2007-ல் பன்னிரண்டாவது முடித்தேன். எனக்குக் கிடைத்தது என்ன என்று நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் கதவுள்ள கக்கூஸ். சிரிக்க வேண்டாம். மாதவிலக்கு நாளில் ஒரு பெண் பள்ளிக்கு வருவதும் வராததும் அந்தக் கதவைப் பொறுத்தது. எங்கள் காலனியில் அப்போது ஒரு வீட்டில்கூட அது இல்லை.

இரண்டாவது, உயரப்படி உட்கார வைத்தார்கள். குட்டையான முதலியார் வீட்டுப் பெண் முன்னால், நெட்டையான நான் பின்னால். எனக்குப் பக்கத்தில் நாயுடு வீட்டுப் பெண். அவள் வீட்டுக்குள் நான் போக முடியாது. ஆனால் ஏழு வருஷம் அவள் தோளும் என் தோளும் இடித்துக்கொண்டுதான் கிடந்தன.

மூன்றாவதுதான் பெரியது. பொம்பளைகள் மட்டுமே நடத்துகிற ஓர் இடத்தை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் எந்த முடிவும் பெண் எடுத்ததில்லை. இங்கே சாவிக்கொத்து ஒரு பெண்ணின் இடுப்பில் தொங்கியது. செக்கில் கையெழுத்துப் போடுவது பெண். கொத்தனாரிடம் சிமெண்டுக் கணக்குக் கேட்பது பெண். கல்வி அதிகாரி வந்தால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது பெண். ஒருநாள் கரண்டு மரத்தில் ஏறின லைன்மேனைக் கீழே நின்று அதட்டிக்கொண்டிருந்தார் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர். அந்த ஆளும் "சரிங்க மதர், சரிங்க மதர்" என்றான். எட்டாவது படித்த எனக்கு அது ஒரு பெரிய பாடம். புத்தகத்தில் இல்லாத பாடம்.

பையன்கள் இல்லாததால் எல்லா வேலையும் எங்களுக்கே வந்தது. மைக் பிடிப்பது, மேடைக்குப் பந்தல் கட்டுவது, கெமிஸ்ட்ரி லேபில் ஆசிட் பாட்டிலைத் திறப்பது, கோ-கோ விளையாடிக் காலை ஒடித்துக்கொள்வது. "நீ பொண்ணு, ஓரமா நில்லு" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பிறகு கல்லூரியில் பார்த்தேன். பையன்களோடு படித்து வந்த நல்ல புத்திசாலிப் பெண்கள், பதில் தெரிந்தும் யாராவது பையன் முதலில் எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் ஒட்டவே இல்லை. கூட்டங்களில் எழுந்து பேசுகிறேன் என்றால் அதற்கு அம்பேத்கர் பாதி காரணம். அந்த காலை அசெம்பிளி மீதிக் காரணம்.

பதினொன்றாவதில் சைக்கிள் வந்தது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கின திட்டம் அது. ஊர்த்தெருவில் பெல் அடித்துக்கொண்டு போனேன். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

5

இத்தோடு முடித்தால் இது பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கான கட்டுரை ஆகிவிடும்.

போர்டிங்கில் கக்கூஸ் கழுவ முறை வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் முறை என்றுதான் அட்டையில் எழுதியிருந்தது. ஆனால் வீட்டிலிருந்து யாரும் காரில் வராத பிள்ளைகளுக்கு அந்த முறை அடிக்கடி வந்தது. "இன்னாடி" என்று பேசினால் ஐம்பது தடவை "என்னடி" என்று எழுத வேண்டும். எங்கள் பாஷையை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். வீட்டில் மாட்டுக்கறி ஆக்கினதை வகுப்பில் சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லாமலே நாங்கள் கற்றுக்கொண்டோம். எதைக் கேட்டாலும் பொறுமை, எதை முறையிட்டாலும் மன்னிப்பு. அதே சமயம், இரவில் லைட் அணைத்த பிறகு என்னை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துச் சங்க இலக்கியம் படிக்கச் சொன்ன ஒரு வயசான சிஸ்டரும் அங்கேதான் இருந்தார். நான் எம்.ஏ. தமிழ் எடுத்தது அவரால்தான். அவரும் நம்ம ஜனம் என்று எனக்குத் தெரிந்தது அவர் சாவுக்குப் போனபோதுதான். உயிரோடு இருந்தவரை அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள முடியாத இடமாகத்தான் மடம் இருந்திருக்கிறது.

இன்னொரு விலையும் உண்டு. சின்னம்மா பயிற்சிப் பள்ளியில் இருக்கும்போது ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடித்துப்போய் வாங்கிக்கொண்டது. அதன் மகளும் நானும் ஒரே குடும்பம். ஒரே ஆயாவின் பேத்திகள். என் சான்றிதழில் ஆதிதிராவிடர், தாழ்த்தப்பட்டோர். அவள் சான்றிதழில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர். 1950 ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி செய்த வேலை இது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. படிக்கும்வரை உதவித்தொகை எங்கள் இருவருக்கும் வந்தது. மாநில அரசு அதைத் தருகிறது. வேலை என்று வந்ததும் எங்கள் வரிசைகள் பிரிந்துவிட்டன. அவள் தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஒருவன் அவளைச் சாதி சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. திட்டுகிறவன் அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்? 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்திவிட்டது. கிறிஸ்தவராக வாழ்கிறவர் வேலைக்காகத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. சம்பா கோயில் சுவரை 1745-ல் இடித்தோம். இந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

6

இனி கம்பெனிக்கு வருகிறேன்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது. அப்போது நான் பதினொன்றாவது. அதுவரை ஊர்த்தெருவோடு நின்று திரும்பின பஸ், முதல்முதலாகக் காலனி முனை வரைக்கும் வந்தது. கம்பெனிப் பஸ். பன்னிரண்டாவது முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. என் வகுப்பில் எத்தனையோ பேர் ஏறினார்கள். நான் மட்டும் கல்லூரிப் பஸ் ஏறினேன். சின்னம்மா சம்பளத்தில் எனக்குப் பீஸ் கட்டினதால் ஏறினேன், வேறு எந்தப் பெருமையும் இல்லை.

பஸ் ஏறினவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆண்டைக்குக் கை கட்டாமல், மாசம் பிறந்தால் பேங்கில் விழுகிற சம்பளத்தை எங்கள் பெண்கள் முதல்தடவையாகப் பார்த்தார்கள். கூரை மாறியது. தம்பிகள் படித்தார்கள். ஆனால் 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானவர்கள் இருபத்தைந்து, இருபத்தாறு வயசில் வெளியே நின்றார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் வயசு ஆகிவிட்டது என்றார்கள். இருபத்தாறு வயசு!

அங்கேதான் என் கணக்கு மறுபடியும் வருகிறது. இந்தத் தொழிற்சாலைகளுக்கு எந்த வருஷங்கள் தேவைப்படுகின்றன? பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை. பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த, கல்யாணம் ஆகாத, வரிசையில் நிற்கத் தெரிந்த பெண்ணின் வருஷங்கள். பாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை உற்பத்தி வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விரிவாக எழுதியது. கம்பெனி பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டுகள் எந்தக் கம்பெனிக்கானாலும் எங்கள் காலனியில் கேட்கிற முதல் கேள்வி "மேரேஜ் ஆயிடுச்சா?" என்பதுதான்.

எங்கள் ஆயாக்கள் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் காத்துக் கிடந்து வாங்கின வருஷங்கள் இவை. கன்னியாஸ்திரிகள் மதில் கட்டிக் காப்பாற்றின வருஷங்கள். அரசாங்கமும் பணம் போட்டது. 1989-ல் எட்டாவது படித்த பெண்ணுக்குத் திருமண உதவி என்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் தொடங்கினார்கள். 2022-ல் அது கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமாக மாறியது. முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். மடத்துப் பிள்ளைகள் விட்டுப்போனார்கள். 2024 டிசம்பர் 30-ல்தான் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் மீடியம் படித்தவர்களையும் சேர்த்தார்கள். இப்படி இத்தனை பேர் சேர்ந்து சேமித்த வருஷங்களைக் கம்பெனி நோகாமல் எடுத்துக்கொள்கிறது. தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த பொறுமையும் கம்பெனிக்குப் பிடித்துப்போனது. எங்கள் தெருவுக்கு வந்த ஏஜெண்டு ஒருத்தன் என்னிடமே சொன்னான்: "மடத்து ஸ்கூல் பொண்ணுங்கன்னா ரொம்ப நல்லதுங்க மேடம். பெல் அடிச்சா லைன்ல நிப்பாங்க. எதிர்த்துப் பேச மாட்டாங்க."

அவன் சொன்னது பாதிதான் சரி. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கி பாக்ஸ்கானுக்கு வேலைக்குப் போன பெண்கள் கெட்டுப்போன சாப்பாட்டால் விழுந்தார்கள். 150 பேருக்குமேல் ஆஸ்பத்திரியில். கூட வேலை செய்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று பதில் சொல்ல ஆளில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கலெக்டர், மந்திரி எல்லாரும் ஓடி வந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஜனவரியில்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தலைவர் இல்லை, பெரிய சங்கம் இல்லை. பல மாவட்டத்துப் பெண்கள், பல சாதிப் பெண்கள். எந்தெந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. ஆனால் பெண்கள் மட்டுமே கூடி ஒரு முடிவெடுத்து, பெண்களே அதை நடத்திக் காட்டினதைப் பார்த்தபோது, லைன்மேனை அதட்டின எங்கள் சிஸ்டர் ஞாபகம் வந்தது. சபையோ கம்பெனியோ, பெண்களை ஒரே மதிலுக்குள் சேர்த்துவைத்தால் இந்த ஆபத்தும் கூடவே வரும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை அரசு திறந்தது. செலவு 706.50 கோடி ரூபாய். நல்ல கட்டடம், காற்றோட்டம், தண்ணீர். கெட்ட சாப்பாட்டுக்கும் நெரிசலுக்கும் அது ஒரு பதில்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் அண்ணி, "போர்டிங் மாதிரியே கீதுடி, மதிலு, கேட்டு, வாச்மேன்லாம்" என்றார். மாதிரிதான். எங்கள் போர்டிங்கில் ராத்திரி ஸ்டடி பெல் அடிக்கும். இங்கே ஷிப்ட் பெல். எங்கள் மதிலுக்குள்ளிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு சர்டிபிகேட் இருந்தது. இந்த மதிலுக்குள்ளிருந்து வெளியே வரும்போது என்ன இருக்கும்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். அந்த 18,720 பேர் தங்குகிற இடத்தில் ஒரு நூலகமும் மாலைக் கல்லூரியும் வேண்டும். சம்பளத்தோடு படிப்பு லீவு வேண்டும். கல்யாணம் ஆனாலும் பிள்ளை பெற்றாலும் வேலை நிற்க வேண்டும். சங்கம் வைக்கிற உரிமை கேட்டின் உள்ளேயே இருக்க வேண்டும். இதெல்லாம் பெரிய கோரிக்கை என்றால், 1982-ல் ஒரு கோழியோடு போய் எங்கள் ஆயா கேட்டதும் பெரிய கோரிக்கைதான்.

அண்ணி மகள் இந்த வருஷம் அதே மடத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். ஏஜெண்டு வந்து பாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டில் கடன் இருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. நேற்று ராத்திரி கம்பெனிப் பாரத்தையும் கல்லூரிப் பாரத்தையும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்த, ரெண்டுலயும் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டுகீறாங்க. எதுக்கு?"

"காலேஜுல பேரு மாறும்னு கேக்குறாங்க. கம்பெனில எதுக்குக் கேக்குறாங்கன்னு நீயே ஏஜெண்டக் கேளு."

கேட்கிறேன் என்றாள். நாளைக் காலையில் அவன் வருகிறான். நானும் பக்கத்தில் இருப்பேன், ஆனால் பேசப்போவது அவள்தான்.